சோதிக்காமல் விட்ட பதினைந்தாவது விளையாட்டு

என் மருமகள் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறாள். ஸ்ட்ரெச்சர் போகும் பெரிய லிஃப்ட், ஏழு மாடி. காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கரை வரை, பதினாறு ஆண்டுகளாக அதே முக்காலி. ஒரு வாரம் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். சராசரியாக ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்து தடவை ஏறி இறங்குகிறாள் என்று வந்தது.

உள்ளே வருகிறவர்கள் வாய் திறப்பதற்குள் எந்த மாடி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கையில் புதுத் துவாலை, முகத்தில் தூக்கம் என்றால் நான்கு, பிரசவம். கையில் உறை, வாயில் பேச்சில்லை என்றால் இரண்டு, ஸ்கேன். கையில் எதுவுமே இல்லாமல் ஓடி வந்தால் ஏழு, தீவிர சிகிச்சை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்குப் பிடிக்காது. சொல்லவும் பிடிக்காது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் அவள் பேசிய பேச்சை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

நாற்பத்தொரு வயது. மாலை ஆறரை ஆனால் அவள் கணினி முன் உட்கார்ந்து சுடுவாள். அது ஓர் இணைய விளையாட்டு. ஐந்து பேர் ஓர் அணி, எதிரில் ஐந்து பேர்; கட்டடம் கட்டடமாக நுழைந்து ஒருவரை ஒருவர் வீழ்த்த வேண்டும். அங்கே அவள் பெயர் ஏழாம் மாடி. பக்கத்து லிஃப்டை இயக்குகிறவர், நாள் முழுக்க ஆட்களை மேலே ஏற்றிவிட்டு சாயங்காலம் ஆட்களைக் கீழே சாய்க்கிறாயே, கணக்கு சரியாகிவிடுகிறதா என்று கேலி செய்வாராம். அவள் தன் லிஃப்டின் கதவை மூடிவிடுவாள்.

நான் நீரேற்று நிலையத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் மணிக்கொரு தடவை நீர்மட்டம் எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. வீட்டில் யார் எப்போது போனார்கள், மின்சாரம் எப்போது நின்றது, மழை எவ்வளவு என்று ஒரு நோட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. இன்றைக்கு ஒரு வருடம் பத்து மாதம் முன்னால், விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு அவளுடைய அப்பா இறந்துபோனார். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. ஐந்தே முக்காலுக்கு நாங்கள் வீடு திரும்பினோம். ஆறு இருபத்தெட்டுக்கு அவள் ஈரத் தலையோடு கணினி முன் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினாள்.

நான் கதவருகில் நின்றுவிட்டேன். என் மகன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், வாய் ஓயாதவன். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரையையே பார்த்தான். அப்பனை அனுப்பிவிட்டு வந்த அன்றே சுடுகிறாளே என்று நான் அவளைப் பற்றி நினைத்ததை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஏழே காலுக்கு அவள் எழுந்து வந்து எங்கள் இருவருக்கும் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அதுல வர்றது என் தம்பி," என்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பது எங்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவன், செத்தானா இருக்கிறானா தெரியாது என்றுதான் பெண் பார்க்கப் போனபோது சொன்னார்கள். மிச்சத்தை அவள் அன்றுதான் சொன்னாள்.

அப்பா தட்டச்சு வேலைக்காக வீட்டில் ஒரு கணினி வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகள் தொடக் கூடாது. அவர் வெளியே போனதும் அக்காளும் தம்பியும் ஒரே விசைப்பலகையில் நான்கு கைகளை வைத்து விளையாடுவார்கள். அப்படி விளையாடிய ஒரு மதியம், மேசையில் இருந்த அப்பாவின் கைக்கடிகாரத்தைக் காணவில்லை. அவர் சந்தேகம் தம்பி மேல் விழுந்தது. மதியம் முழுக்க அவன் எங்கே இருந்தான் என்று கேட்டார். தன்னோடுதான் இருந்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் கணினியைத் தொட்டது தெரிந்துவிடும். பேசாமல் நின்றாள். அவனும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவன் படுக்கை காலியாக இருந்தது.

பதினெட்டாம் நாள் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஆள் அனுப்பினார்: வேலை முடிந்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, அந்த இணைய விளையாட்டில், முன்பின் தெரியாத ஓர் ஆள் ஒவ்வொரு வாசலிலும் நுழையும் முன் மூன்று தடவை குதித்ததை அவள் பார்த்திருக்கிறாள். சின்ன வயதில் தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டு. மூன்று தடவை குதிக்கிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும் என்று எழுதினாளாம். பதில் வரவில்லை. மறுநாள் ஆறரைக்கு அவன் அவளுடைய அணியில் வந்து சேர்ந்தான். அதிலிருந்து தினமும் வந்தான். எங்கேயோ ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை என்று ஒரு தடவை எழுதினான். லிஃப்டில் வேலை என்று மருத்துவமனையின் பெயரோடு அவள் எழுதினாள். அவ்வளவுதான். மற்றபடி இடது பக்கம் ஒருவன், மாடிப்படியில் இருவர் என்ற பேச்சுதான். வீட்டைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடிகாரம் கிடைத்தது அவனுக்குத் தெரியாது. அப்பா அன்று இறந்ததும் தெரியாது.

"சொன்னா, இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பான். கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா? அவனுக்குப் போறது புதுசில்ல," என்றாள்.

என் மகன் மட்டும், "இப்படியே எத்தனை வருஷம் பக்கத்துல பக்கத்துல நின்னு சுடுவீங்க?" என்று கேட்டான். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று முதல் தம்பி வந்த நாளையும் வராத நாளையும் என் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அவளுடைய அப்பாவின் கடிகாரமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குத் தினமும் காலை ஏழு மணிக்குச் சாவி கொடுப்பது என் பொறுப்பு.

சிக்கல் போன ஆண்டு தொடங்கியது. ஒரு மாலை ஆறு இருபத்தொன்பதுக்கு கணினி தன்னைத் தானே புதுப்பிக்க ஆரம்பித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அணைக்காதீர்கள் என்று எழுத்து. நாற்பத்தேழு நிமிடம். அவள் உள்ளே போனபோது அவன் இல்லை. அதன் பிறகு ஒன்பது நாள் அவன் வரவேயில்லை. அந்த ஒன்பது நாளில் அவள் நான்கு தடவை தவறான மாடியில் லிஃப்டை நிறுத்தியிருக்கிறாள். பத்தாம் நாள் வந்தவன், "நீயும் போயிட்டேன்னு நெனச்சேன்," என்று மட்டும் எழுதினான். அந்த வரியை அவள் எனக்குக் காட்டினாள்.

மருத்துவமனையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பக்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் சொன்னார்: விளையாட்டுக்கென்றே தனியாக ஓஎஸ் வந்திருக்கிறது. கணினி உயிர் பெற்றதும் முதலில் ஓடுகிற அடிப்படை நிரலைத்தான் ஓஎஸ் என்கிறார்கள். மற்றதெல்லாம் அதன் முதுகில்தான் சவாரி செய்கின்றன. வழக்கமான ஓஎஸ் கடிதம் அடிக்கும், கணக்குப் பார்க்கும், அச்சடிக்கும், நடுவில் விளையாட்டையும் ஓட்டும். புதியதற்கு விளையாட்டு ஒன்றே வேலை. நாம் சொல்லாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது.

வீட்டில் மூன்று வாரம் இதே பேச்சு. என் மகனுக்கு நம்பிக்கை இல்லை. "பஸ்ஸை வேகமா ஓட்டினா ரேஸும் ஓட்டலாம். ரேஸ் வண்டியில நாலு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? சாப்பிடுறதுக்குன்னு தனியா ஒரு வாய் கேட்ட கதையா இருக்கு," என்றான்.

அதிசயமாக அவள் வாதாடினாள். "ஏழாம் மாடியில நோயாளி தலைமாட்டுல ஒரு மானிட்டர் இருக்கு. அதுல யாராவது லெட்டர் அடிக்கிறாங்களா? ஒரே வேலை. அதனாலதான் நடுவுல நிக்காது. எனக்கும் அந்த ஒரு மணி நேரம் நிக்கக் கூடாது."

"அது உயிர் சமாச்சாரம்மா."

"இதுவும்தான்."

சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நான் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. ஆழம் பார்ப்பதுதானே என் பிழைப்பாக இருந்தது. தொழில்நுட்பக்காரர் கணினிக்குள் இரண்டாவதாக ஒரு சேமிப்பு வட்டு பொருத்தி அதில் புதிய ஓஎஸ்ஸைப் போட்டுக் கொடுத்தார். அவள் வேலைக்குப் போன பிறகு, காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, முப்பது நாள் உட்கார்ந்தேன். கணினியில் பதினைந்து விளையாட்டுகள் இருந்தன. பொத்தானை அழுத்தியதிலிருந்து விளையாட்டு தொடங்கும்வரை பழையதில் சராசரி ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி, புதியதில் நாற்பத்தொரு வினாடி. முப்பது நாளில் நடுவே குறுக்கிட்ட தடவைகள் பழையதில் ஒன்பது, புதியதில் ஒன்றுமில்லை. காற்றாடியின் இரைச்சல்கூடக் குறைந்தது. அட்டவணை பார்க்க அழகாக இருந்தது.

அதில் பதினான்கு வரிசைதான் இருந்தது.

பதினைந்தாவது அவளும் தம்பியும் விளையாடும் விளையாட்டு. அதை நான் தொடவில்லை. அதைத் திறந்தால் அவள் பெயரில் திறக்கும். அந்த நேரத்தில் அவனும் உள்ளே இருந்து, அக்கா வந்திருக்கிறாள் என்று நினைத்து என்னிடம் பேச்சுக் கொடுத்துவிட்டால்? அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினான்கு ஓடுகிறதே, பதினைந்தாவதும் ஓடும் என்று விட்டேன். முப்பத்தேழு ஆண்டுகளில் பார்க்காத மட்டத்தை நான் ஒருநாளும் எழுதியதில்லை. அன்று எழுதிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. நிலையத்தில் எனக்கு ஒரு விதி உண்டு: ஓர் அளவுக்கு ஒரே பதிவேடு. இரண்டு இருந்தால் இரண்டும் பொய்யாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பழைய ஓஎஸ்ஸை வைத்துக்கொண்டிருந்தால் அது எப்போதாவது மறுபடி தலைதூக்கும், அழித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அட்டவணையை இரண்டு தடவை படித்துவிட்டு அவள் தலையசைத்தாள். மூன்று நாற்பதுக்குப் பழையது இல்லாமல் போனது.

ஆறு பத்துக்கு அவள் அந்த விளையாட்டைத் திறந்தாள். இந்த ஓஎஸ்ஸில் இது இயங்காது என்று ஒரே வரி வந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அதே வரி. அந்த விளையாட்டோடு சேர்ந்து ஒரு காவல் நிரல் ஓடுகிறதாம்; குறுக்கு வழியில் ஜெயிக்கிறவர்களைப் பிடிப்பது அதன் வேலை. தனக்குப் பழக்கமில்லாத ஓஎஸ் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. தொழில்நுட்பக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. மணி ஆறு பதினேழு. அவள் வியர்வையைத் துடைக்காமல் கைப்பேசியில் தேடினாள். யாரோ ஒருவர் போட்டிருந்த காணொளி கிடைத்தது: புதிய ஓஎஸ்ஸையே பழையது என்று நம்பவைத்து உள்ளே போகும் வழி. பதினோரு படிகள். நான் படித்துச் சொன்னேன், அவள் தட்டினாள். அது மாறுவேடம் என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. மணிதான் கண்ணில் தெரிந்தது.

ஆறு முப்பத்து நான்குக்கு விளையாட்டின் கதவு திறந்தது. அவன் இருந்தான். லேட் என்று எழுதினான். அவள் சிரித்தாள்.

ஆறு நாற்பத்து மூன்றுக்குத் திரை சிவப்பானது. ஏழாம் மாடி ஏமாற்றியதால் நிரந்தரமாக நீக்கப்பட்டார். அணியில் இருந்த ஐந்து பேருக்கும் அது தெரியும்படி வந்தது. அவள் கணக்கு, நண்பர் பட்டியல், பழைய பேச்சுகள், நான்கு ஆண்டு ஒரு மாதம், எல்லாம் ஒரே நொடியில் மூடிக்கொண்டது. தம்பியின் உண்மையான முகவரியோ எண்ணோ அவளிடம் இல்லை. அவன் புனைபெயர் மட்டும்தான் தெரியும். அதைத் தேடும் இடமே அதுதான்.

அவள் அழவில்லை. மவுஸின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. என் மகன் பணிமனையிலிருந்து வந்தபோதும் அப்படியே இருந்தாள். பம்பு வெடித்து நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்த நாளில்கூட என் கை நிதானமாக எழுதியது. அன்று பேனாவைப் பிடிக்க முடியவில்லை. என் நோட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மாலை இன்றும் வெற்றிடம்.

என் அட்டவணையால் வந்தது என்று அவளிடம் சொன்னேன்.

"இல்ல மாமா. நாலு வருஷம் எனக்கு வாய் இருந்துச்சு."

மறுநாள் அந்த நிறுவனத்துக்கு முறையீடு அனுப்பினோம். என்ன செய்தோம், எந்த நிமிடத்தில் செய்தோம் என்று கேட்டிருந்தார்கள். நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. முடிவு இறுதியானது. அவள் புதுப் பெயரில் நுழைந்து தேடலாம் என்று என் மகன் சொன்னான். அந்தக் கணினியையே அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள், உள்ளே விடவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நடந்ததை அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். லிஃப்டுக்குள் சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறது. லிஃப்ட் மாட்டிக்கொண்டால் வெளியே பேசுவதற்காக. பதினாறு ஆண்டில் வெளியிலிருந்து யாரும் கூப்பிட்டு அது மணியடித்ததே இல்லை. அப்போது ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர், அவருடைய மகள், ஒரு நர்ஸ். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது அது அடித்தது. எல்லோரும் திடுக்கிட்டார்கள். மருத்துவமனையின் விசாரணைப் பிரிவிலிருந்து, உங்கள் தம்பி என்று ஒருவர் விடாமல் கேட்கிறார், இணைக்கிறேன் என்றார்கள்.

"அக்கா. நீ ஏமாத்தியிருக்க மாட்டே. எனக்குத் தெரியும்," என்றதாம் அந்தக் குரல்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அவள் சொல்லாத வார்த்தையை அவன் அவளுக்குச் சொன்னான். லிஃப்ட் ஏழில் நின்றது. கதவைக் காலால் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரை வெளியே விட்டாள். பிறகு கதவை மூடவில்லை.

"அப்பா வாட்ச் கெடைச்சிருச்சுடா. நீ போன பதினெட்டாம் நாளே. ரிப்பேருக்குக் கொடுத்துட்டு அவரே மறந்துட்டாரு. நீ என்கூடத்தான் இருந்தேன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை."

அப்பாவுக்குத் தெரியுமா, அவர் என்ன சொன்னார் என்று கேட்டான். அவரிடம் பேசலாமா என்றான்.

அவள் அதையும் சொன்னாள். தேதியைச் சொன்னாள். அன்று சாயங்காலமும் ஆறரைக்கு வந்தேன் என்றாள்.

"அன்னைக்கா?" என்றான் அவன். "அன்னைக்கு நாம ஜெயிச்சோமேக்கா."

அதற்குப் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அவன் வைத்தானா, அதுவாக அறுந்ததா தெரியவில்லை. லிஃப்ட் ஏழாம் மாடியில் நான்கு நிமிடம் கதவு திறந்தபடி நின்றதாகப் பராமரிப்புப் பதிவில் ஏறியது; விளக்கம் கேட்டார்கள். தம்பி பேசினான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேறு காரணம் எழுதச் சொல்லியும் மாற்றவில்லை.

பத்தொன்பது நாள் எதுவும் வரவில்லை. அவள் ஆறரைக்குக் கணினி முன் உட்காருவதை விட்டுவிட்டாள். புதிய ஓஎஸ் அப்படியே இருக்கிறது. பதினான்கு விளையாட்டுக்கும் இன்றைக்கும் அதுதான் மேல். யாராவது என்னிடம் கேட்டால், நீங்கள் விடவே முடியாத விளையாட்டு எது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு என்று சொல்வேன். வேறு எதையும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இருபதாம் நாள் மாலை, ஆறு முப்பதுக்கு, வீட்டுத் தொலைபேசி அடித்தது. தம்பி விசாரணைப் பிரிவில் கெஞ்சி எண்ணை வாங்கியிருக்கிறான். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். என் மகன் தன் கைக் கரியைத் துடைத்தபடி வாசலில் நின்றான்.

"அந்த வாட்ச் ஓடுதா?" என்றது குரல்.

"ஓடுது. மாமாதான் தினமும் சாவி கொடுக்குறாரு."

"சரியா ஓடுதா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கணக்குத் தெரியும், நாள்தோறும் எழுதியிருக்கிறேன். சொன்னேன்.

"ஒரு நாளைக்கு நாப்பது செகண்ட் பின்னாடி போகுதுப்பா."

"பின்னாடிதானா," என்றான் அவன். பிறகு, அதை அப்படியே விடச் சொன்னான், சரிசெய்யக் கொடுக்க வேண்டாம் என்றான். "ரிப்பேருக்கு மட்டும் கொடுத்துடாதக்கா."

அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கமும் சிரித்தது. இருவரும் நிறுத்த எவ்வளவு நேரமானது என்று நான் பார்க்கவில்லை.